பொதுவுடைமையின் கோப்பை

திரையின் இடது பாதியில் ஒரு டிரைவர் நிரல், வலது பாதியில் இன்னொன்று. இரண்டையும் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே வந்தவர் மேசையைத் தட்டுகிறார். "அப்பட்டமான ஈயடிச்சான் காப்பி! பேரை மட்டும் மாத்தியிருக்கான். பழைய தப்பு கூட அப்படியே இருக்கு." குரலில் வருத்தம். முகத்தைப் பார்த்தால் புதையல் கிடைத்தவர்போல இருக்கிறார்.

அலுவலகத்தில் அவருக்குப் 'பொதுவுடைமை' என்று பெயர். கம்ப்யூட்டர் சில்லுக்குள் கோர் எனப்படும் மூளைகள் பல உண்டு. அவை எவ்வளவு வேலை செய்கின்றன என்று எண்ணிக்கொண்டே இருக்கும் கவுண்டர்களும் உண்டு, வீட்டுத் தண்ணீர் மீட்டர் மாதிரி. அந்த எண்ணைப் படித்து, கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கும் கெர்னலிடம் சொல்வதுதான் டிரைவரின் வேலை. சில்லு செய்யும் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு டிரைவர் எழுதும். எழுதும் என்பது மரியாதைக்குச் சொல்வது. பக்கத்துக் கம்பெனியுடையதைப் பார்த்து எழுதும். ஓட்டு, நிறுத்து, படி, நிரம்பி வழிந்தால் கணக்கில் சேர் என்று எல்லாவற்றிலும் ஒரே பாட்டுதான். அதையெல்லாம் பிடுங்கி ஒரே பொதுக் கோப்பில் வைப்பதே இவருடைய பிழைப்பு, தவம், வெறி. "ஒரு எடத்துல இருந்தா போதாதா? ஆளாளுக்குத் தனித்தனியா எதுக்கு?" என்பார்.

அலுவலகச் சமையலறையில் சிவப்புக் கயிறு கட்டிய கோப்பை ஒன்று தனிக் கொக்கியில் தொங்கும். அது அவருடையது. யார் கையாவது பட்டுவிட்டால் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் தேநீர். சார்ஜரைக் கேட்டால் காது கேட்காது. வீட்டில் துண்டு, தலையணை, ஆணி அடித்து மாட்டிய சீப்பு என்று எல்லாம் தனி. இதை ஊருக்குச் சொன்னது அவர் மனைவி. அவரும் அதே தளத்தில், இரண்டு மேசை தள்ளி, ஒரு சில்லுக்கு டிரைவர் எழுதுகிறார்.

பொதுக் கோப்பினைக் கெர்னலில் சேர்க்க வேண்டிய பெரியவர் கறாராகச் சொல்லிவிட்டார்: எல்லா டிரைவர்காரரும் இந்த வாரத்துக்குள் சம்மதித்தால் உள்ளே, ஒருவர் முரண்டு பிடித்தாலும் குப்பை. இரண்டு வருட உழைப்பு. ஒருவரைத் தவிர எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். அந்த ஒருவர் அவருடைய வீட்டிலேயே இருந்தார்.

"உங்க புரோகிராமைப் போட்டா எண்ணிக்கை நாலு மடங்கு காட்டுதுங்க" என்றார் மனைவி, தன் மேசையிலிருந்து.

"உன் டிரைவர்லதான் ஏதோ கோளாறு."

"என் சில்லுல நாலு கோருக்கும் சேர்த்து ஒரே கவுண்டர்தான். உங்க புரோகிராம் ஒவ்வொரு கோர்கிட்டயும் போயி, உன்னுது எவ்வளவுன்னு கேட்டுக் கூட்டுது."

உலகத்தில் உள்ளதையெல்லாம் பொதுவாக்கக் கிளம்பியவருக்கு, ஏற்கனவே பொதுவாக ஒன்று இருக்கக்கூடும் என்று தோன்றவேயில்லை. கோருக்கு ஒரு கவுண்டர் என்று எழுதிவைத்திருந்தார். சிவப்புக் கயிறு ஒன்றுதான் கட்டவில்லை.

"நாலு பேரு ஒன்னை வச்சுப் பொழங்குவாங்கன்னு உங்களுக்கு எப்படித் தோணும்?" என்றார் மனைவி. தளமே சிரித்தது. அவருக்கு உண்மையிலேயே வலித்தது. காது மடல் சிவந்துவிட்டது. உட்கார்ந்து, பொதுக் கவுண்டர் என்றால் நால்வர் சார்பில் ஒரு கோர் மட்டும் படித்தால் போதும் என்று மாற்றி எழுதினார்.

மனைவி ஓட்டிப் பார்க்கும்போது நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கையில் ஆவி பறக்கும் தன் கோப்பை; ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. எண்கள் வந்தன. சரியாக வந்தன. மனைவி சம்மதத்தைத் தட்டி அனுப்பினார்.

அனுப்பிய கையோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல், கணவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிப் பாதி தேநீரைக் குடித்துவிட்டு நீட்டினார். சுற்றிலும் தட்டச்சுச் சத்தம் நின்றது.

அவர் கோப்பையைப் பார்த்தார். சமையலறைக் கதவைப் பார்த்தார். பிறகு, மனைவியின் வாய் பட்ட பக்கம் அப்பால் போகும்படி கோப்பையை மெதுவாகத் திருப்பி, மிச்சத்தைக் குடித்தார்.