பங்குக்காரி கேட்ட தவணை

இது நடந்தது. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். அதுவும் நல்ல பட்டப்பகலில். 1942ஆம் ஆண்டு, வைகாசி எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை. என் கைக்கடிகாரத்தில் மணி 12.10.

அதற்கு முந்தின மாதம் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்த நாளே ரயில் ரயிலாகச் சனம் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கத் தொடங்கியது. டிரங்குப் பெட்டி, தையல் மெஷின், கிளிக்கூடு எல்லாவற்றோடும். வந்தவர்கள் எல்லாருக்கும் வீடு வேண்டும். பங்குனியில் நாலாயிரம் என்ற கல்வீட்டுக்கு, சித்திரை முடிய ஏழாயிரம் சொன்னார்கள். சொன்ன விலைக்கும் மறுநாள் இருக்காது.

எனக்கும் வீடு வேண்டியிருந்தது. என் தங்கை இராசமலருக்கு. எங்கள் பக்கத்தில் பெண்ணோடு வீடும் சீதனமாகப் போகவேண்டும். ஐயா உயிரோடு இல்லை. நான் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவளுக்கு இருபத்தொன்பது வயது. வீடு இல்லாத குறையால் ஒரு சம்பந்தம் ஏற்கெனவே குழம்பிவிட்டது. இந்த மாப்பிள்ளை வீட்டார் வைகாசி பதினைந்துக்குள் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

கோப்பாயில் ஒரு வீடு பேசினேன். பணத்தை எடுத்துக்கொண்டு நான் சைக்கிளில் திரும்பி வரும்போது கொழும்புக் கார் ஒன்று வாசல் படலையை மறித்து நின்றது. போயிற்று. அடுத்ததாகப் பார்த்த வீட்டின் சொந்தக்காரர் ஒரே கிழமையில் மூன்று விலை சொன்னார். அதுவும் போயிற்று. கொழும்புத்துறையில் எல்லாம் பேசி முடித்த அன்று, பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உது எனக்கல்லோ சேரும். முதல் எனக்குச் சொல்லாமல் விக்கேலாது."

அவர் சொன்னது சரி. எங்கள் தேசவழமை அப்படி. காணி விற்க நினைப்பவர் பங்குக்காரருக்கும் எல்லைக்காரருக்கும் முதலில் சொல்லவேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால்தான் வெளியாள் வாங்கலாம். அந்த வீடும் போயிற்று.

தரகர் சந்தியோகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாஸ்டர், நீங்கள் வீடு பார்க்கிறியளோ, பொம்பிளை பார்க்கிறியளோ? நீங்கள் கிணத்துத் தண்ணியைக் குடிச்சு ருசி பாக்கிறதுக்குள்ளை, பின்னாலை வாறவன் படலையிலை நிண்டே காசை எண்ணுறான்."

அவர்தான் உரும்பிராய் வீட்டைக் கொண்டுவந்தார். இரண்டு அறை, முன்கதவு வைத்து அடைத்த ஒரு விறாந்தை, சீமெந்துத் தரை, நல்ல தண்ணீர்க் கிணறு. மார்க்கண்டர் என்ற பென்ஷன்காரரின் தாய் வீடு. அவருக்குப் பாதி, தங்கை செல்வநாயகிக்குப் பாதி. தங்கை கலியாணம் முடித்து மலாயாவில், சிரம்பானில் இருந்தாள்.

"தங்கச்சியைக் கேட்டனீங்களோ?" என்றேன்.

மார்க்கண்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "மலாயா ஜப்பான்காரன்ரை கையிலை. கடிதம் போகுதோ, வருகுதோ? போகேக்கை விக்கிற அதிகாரத்தை என்ரை பேரிலை அற்றோணி எழுதித் தந்திட்டுத்தான் போனவள். கேட்டமாதிரித்தான்."

கேட்டமாதிரி வேறு, கேட்டது வேறு. எனக்கு அது தெரியும். ஆனாலும் நான் மேலே கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நொத்தாரிசு வீட்டில் உறுதி முடிப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் ஒருமுறை வீட்டை அளந்து பார்க்க எண்ணி, சந்தியோகுவிடம் கதவுத் திறப்பை வாங்கிக்கொண்டு தனியே போனேன். நல்ல வெய்யில். மழை கண்டு இரண்டு மாதம். முன்கதவைத் திறந்து உள்ளே போனேன். புழுதி வராமல் கதவைச் சாத்திக் கொளுவியும் விட்டேன்.

கொளுவினேன். அது எனக்கு நல்ல ஞாபகம்.

உள்ளறையை அளந்துவிட்டுத் திரும்பினேன். விறாந்தையில் ஒரு பெண் நின்றாள்.

முப்பத்தைந்து வயதிருக்கும். வெளிறிய பச்சைச் சேலை. இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திப் பிடித்திருந்தாள். மடியில் ஏதோ கனமாகக் கட்டியிருந்தது.

"வீடு வாங்க வந்தனீங்களோ?" என்றாள்.

"ஓம். நீங்கள்?"

"செல்வநாயகி. இது என்ரை பாதி."

மலாயாவிலிருந்து தப்பி வந்த சிலரை நான் அறிவேன். இவளும் வந்து சேர்ந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாகப் பயம் வரவில்லை. வந்தது ஆத்திரம். இந்த வீடும் போகப் போகிறது...

"அண்ணை எனக்கு ஒண்டும் சொல்லேல்லை," என்றாள். "அண்ணையின்ரை பாதியையும் நானே வாங்குறன். காசு கொண்டு வந்திருக்கிறன்."

"எல்லாம் பேசி முடிஞ்சுது, அம்மா."

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ. நான் வாறதாய் அண்ணையிட்டைச் சொல்லுங்கோ. சொல்லுவியள்தானே?"

"சொல்லுறன்," என்றேன்.

அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய சேலைக் கரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு... சொட்டாக. சீமெந்தில் விழுந்தது. சத்தம் இல்லை.

வெளியில் அதுவரை கத்திய காகங்களும் இல்லை.

அவள் என்னைக் கடந்து உள்ளறைக்குப் போனாள். பக்கத்தால் போகும்போது குளிர்ந்தது.

நான் பின்னால் போனேன்.

அறை வெறுமை. ஒரே ஒரு யன்னல். அதில் இரும்புக் கம்பி.

தரையில் ஈரக் காலடிகள். உள்ளே போனவை மட்டும். சுவரடியில் முடிந்திருந்தன.

என் கண் முன்னாலேயே காய்ந்தன. காய்ந்து... வெள்ளையாகப் பூத்தன.

குனிந்து விரலால் தொட்டேன். நாக்கில் வைத்தேன்.

உப்பு.

முன்கதவுக்கு ஓடினேன். கொளுக்கி போட்டபடியே இருந்தது.

மணி 12.27.

எப்படிச் சைக்கிளில் ஏறினேன் என்று தெரியாது. சந்தியில் சோடா வாங்கிக் குடித்தேன். வெய்யில், பட்டினி, ஒரு மாத அலைச்சல் என்று எனக்கு நானே சொன்னேன். இப்படி நான் சொல்லிக்கொண்டு நின்றதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. ஏனென்றால் ஆவியோ ஆளோ, வந்தவள் கேட்டது ஒரேயொரு சொல். அதைச் சொல்ல எனக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது.

மூன்று மணிக்கு நொத்தாரிசு உறுதியை வாசித்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"பங்குக்காரர் வேறை ஆரும் உண்டோ?"

"தங்கச்சி. அற்றோணி என்னட்டை," என்றார் மார்க்கண்டர்.

"வாங்குறவருக்கு ஏதும் சொல்ல இருக்கோ?"

காலையில் இராசமலர் என் வெள்ளை வேட்டியை எடுத்துத் தந்தாள். படலை வரை வந்து நின்றாள். அந்த முகம் என் முன்னால் வந்தது.

"இல்லை, ஐயா," என்றேன்.

கையெழுத்து வைத்தேன்.

ஆனியில் கலியாணம் நடந்தது. இராசமலர் அந்த வீட்டில் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஒரேயொரு குறை சொல்வாள். எவ்வளவு துடைத்தாலும் உள்ளறைத் தரையில் உப்புப் பூக்கிறதாம். நாலு சுவரிலும் இல்லை. தரையில் மட்டும்.

சண்டை முடிந்து, 1945 கார்த்திகையில் மலாயாத் தபால் திரும்பவும் வரத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இராசமலர் வீட்டில் இருந்தபோது மார்க்கண்டர் வந்தார். கையில் ஒரு கடிதம். எங்கள் இருவர் தவிர அவருக்கு அதை வாசித்துக் காட்ட ஆளில்லைப் போல, விறாந்தைக் கதிரையில் இருந்து மெல்ல வாசித்தார். செல்வநாயகியின் புருஷன் எழுதியது.

ஜப்பான்காரன் நெருங்கியதும் அவளை மட்டும் சிங்கப்பூரில் கப்பல் ஏற்றினாராம். தாய் வீட்டை முழுதாக வாங்கி அங்கேயே இருக்கவேண்டும் என்று சேர்த்த காசையெல்லாம் தங்கப் பவுணாக்கி, இடுப்புப் பட்டியில் வைத்துத் தைத்துக்கொண்டு போனாளாம். 1942 மாசி பதினாலாம் திகதி அந்தக் கப்பல் குண்டுபட்டுக் கடலில் மூழ்கிப்போய்விட்டது. கப்பலில் இருந்து தப்பிய ஒருவர் பிறகு சொன்னாராம், நீந்தத் தெரிந்தவள்தான், பட்டியை அவிழ்க்கச் சொல்லிக் கத்தினோம், அவள் இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டே...

அதற்கு மேல் மார்க்கண்டரால் வாசிக்க முடியவில்லை.

மாசி பதினாலு. நான் அவளைக் கண்டது வைகாசி எட்டு.

மார்க்கண்டர் சால்வையால் கண்ணைத் துடைத்தார். "மாஸ்டர், அவளட்டை இருந்து ஒரு சொல்லு வந்திருந்தால் நான் பொறுத்திருப்பன். எனக்கென்ன அவசரம்? ஒரு சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். இராசமலர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றாள். அவளுடைய வீடு.

வாயை மூடிக்கொண்டேன்.

அவர் போன பிறகு இராசமலர் உள்ளே இருந்து கூப்பிட்டாள். "அண்ணை, இஞ்சை வந்து பாருங்கோ. தரை திரும்பப் பூத்துக் கிடக்கு."

போய்ப் பார்த்தேன். வெள்ளைக் காலடிகள். சுவரடியிலிருந்து தொடங்கி, இந்தமுறை வெளியே வந்திருந்தன. அறை வாசலைக் கடந்து... விறாந்தையைக் கடந்து...

மார்க்கண்டர் இருந்த கதிரைக்குப் போகவில்லை.

என் கதிரைக்குப் பின்னால், இரண்டு பாதமும் சேர்ந்து நின்றிருந்தன.

மார்க்கண்டர் போன ஆவணியில் இறந்துவிட்டார். கடைசிவரை நான் அவருக்குச் சொல்லவில்லை.