பூட்டிய பீரோவும் ஒன்பதாம் வகுப்பும்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பள்ளியின் விஞ்ஞான உபகரணங்கள் எல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. சாவி தலைமை ஆசிரியையின் இடுப்பில் இருந்தது. அறுபதுகளின் தொடக்கம். திருச்சிப் பெரிய கடைவீதிக்குப் பின்னால் இருந்த அரசுப் பெண்கள் பள்ளி அது. பௌதிகப் பட்டமும் பி.டி. ஆசிரியர் பயிற்சியும் முடித்த நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துச் சத்திரம் நிறுத்தத்தில் இறங்கி நடந்து போவேன்.

என் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் பழைய ஊர் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். மற்றவர்கள் தையல்காரர்கள், சில்லறை வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள். 'குடுவையில் நீரை எடுத்துக்கொள்' என்று நான் பாடப்புத்தகத்தைப் படிப்பேன். அவர்கள் குடுவையைக் கண்ணால் பார்க்காமலே அதை எழுதிக்கொள்வார்கள். சில வாரங்களில் எனக்கே வெட்கமாகிவிட்டது. தலைமை ஆசிரியையிடம் போய்ச் சாவி கேட்டேன்.

அவர் கெட்டவர் அல்ல. பொருள்களைப் பத்திரமாக அடுத்தவரிடம் ஒப்படைப்பதுதான் தன் கடமை என்று நம்பியவர். தையல் வகுப்புக்கு நேரம் போதவில்லை, இந்தப் பெண்களுக்குப் பேட்டரி எதற்கு என்று கேட்டார். நான் நகரவில்லை.

“உடைஞ்சா யாரு பதில் சொல்றது டீச்சர்?”

“நான் சொல்றேங்க.”

உடையத்தான் செய்தது. பீரோ திறந்த முதல் நாளே ஒரு குடுவை போயிற்று. அடுத்த வாரம் மின்சாரம் அளக்கும் கருவியில் யாரோ கம்பியை மாற்றிக் கொடுக்க, முள் ஓரத்தில் போய் மோதி அப்படியே நின்றுவிட்டது. முள் ஏன் நின்றது என்று கேட்டேன். காரணம் தெரியும்வரை வேறு பாடம் கிடையாது என்றேன். அன்று மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் மாமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைப் பியூன் அடிப்பதுதான் மணி. கடைவீதி இரைச்சலில் பின்கட்டு வகுப்புகளுக்கு அது கேட்காது. மின்சார மணி ஒன்றை நாமே செய்தால் என்ன என்று கேட்டவள் இரும்புச் சாமான் கடைக்காரர் ஒருவரின் மகள். வகுப்பில் வாயே திறக்காதவள். அவள் அத்தா கடையிலிருந்து ஆணியும் செப்புக் கம்பியும் வந்தன. இன்னொருத்தி அண்ணனுடைய சைக்கிள் மணியின் கிண்ணத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கம்பி சுற்றிச் சுற்றி எல்லோர் விரலும் சிவந்தது. முதல் தடவை அது 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு ஓய்ந்துவிட்டது. பல நாள் தகராறுக்குப் பிறகு, ஒரு மத்தியானம் விடாமல் அடித்தது. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் பள்ளி விட்டுவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அந்தக் கலவரம் மேலே போனது. பள்ளி ஆய்வாளர் வந்தார். கண்ணியமான பெண்மணி, கதர்ப் புடவை கட்டியிருந்தார். உடைந்தவற்றை மேஜைமேல் பரப்பச் சொன்னார். அருகில் இருந்த மணியை அவர் தொடவே இல்லை. கடைக்காரர் மகளை எழுப்பி, படித்து என்ன ஆகப் போகிறாய், மோட்டார் ரிப்பேரா என்று கேட்டார்.

“தெரியாதுங்க,” என்றாள் அவள். பிறகு, யாரும் எதிர்பாராமல், “என்ன ஆவோம்னு இப்பவே தெரிஞ்சா அதை மட்டும் படிச்சுட்டுப் போயிடலாம். தெரியலையே, அதனாலதான் எல்லாம் கத்துக்கறோம்” என்றாள்.

ஆய்வாளர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், நான் இந்தப் பெண்களுக்கு எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுப்பதாகக் குற்றம் சொன்னார். கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொன்னாள் என்றேன். அதோடு என் மாற்றல் முடிவாகிவிட்டது.

மாற்றிப் போட்ட ஊர் வையம்பட்டி. வீட்டில் அப்பா கலங்கிப் போனார். கோயிலில் பிரபந்தப் பாசுரங்களை ஓதிச் சேவிக்கிறவர்; யாரையும் கடிந்து பேசி அறியாதவர்.

“தப்புன்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துடேம்மா. பெருமாள் அனுக்ரஹத்துல இங்கேயே இருந்துடலாம்.”

“எது தப்புப்பா?”

மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை. பெட்டியைக் கட்டினேன்.

வையம்பட்டிப் பள்ளியில் பீரோவே இல்லை. ஆய்வுக்கூடம் வந்தபிறகு செய்முறை வைத்துக்கொள்ளலாம் என்றார் அங்கிருந்த தலைமை ஆசிரியர். எப்போது வரும் என்று கேட்டேன். அது மேலிடத்துக் காரியம் என்றார். சுற்றிலும் அப்போதுதான் கிணறுகளுக்கு மின்சார மோட்டார் வந்துகொண்டிருந்தது. மறுநாள் வகுப்பைக் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்தேன். மோட்டார் கொட்டகைக்குள் பொம்பளைப் பிள்ளைகள் வரக்கூடாது என்றார் தோட்டக்காரர். வெளியிலிருந்தே பாடம் நடத்தினேன். மூன்றாவது முறை போனபோது அவரே கதவைத் திறந்து வைத்திருந்தார்.

அதன் பிறகும் எனக்கு இரண்டு மாற்றல்கள் வந்தன. இரண்டுக்கும் போனேன்.

கடைக்காரர் மகள் தொலைபேசி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். மற்றவர்களில் பெரும்பாலோர் கல்யாணமாகிப் போனார்கள். இதைச் சொல்லி, இத்தனைக்கும் என்ன பலன் என்று என்னை மடக்கப் பார்த்தவர்கள் உண்டு. கல்யாணமான வீட்டில் விளக்கு அணையாதா, பியூஸ் போகாதா என்று கேட்பேன். சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. நாளைக்கு என்ன வரும் என்று பள்ளிக்கூடத்துக்கும் தெரியாது, சர்க்காருக்கும் தெரியாது. தெரியாததைத் தொட்டுப் பார்க்கிற தைரியத்தையாவது பிள்ளைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். பொருள் உடையும், உடையட்டும். இன்று கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.