சுவரிலிருந்து எடுத்த தாள்

காலை ஒன்பது நாற்பது. திரையில் முதலில் தெரிந்தது கறுப்பு ஓரம். பிறகுதான் அதற்குள் சிரித்துக்கொண்டிருந்த பெரியவரின் முகம் தெரிந்தது.

அந்த ஓரம் என் கைவேலை. பழியை இன்னொருத்தி சுமக்கும்படி விட்டவனும் நான்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

1999 ஆவணி. காரைக்குடியில் பேருந்து நிலையத்துக்கு அருகே, ஒரு மாடியில், இணையப் பக்கங்கள் செய்துகொடுக்கும் சிறு நிலையம். உரிமையாளர் அருணாசலம், தட்டச்சு செய்யும் ஜெசிந்தா, நான். அதற்குமுன் மதுரையில் ஒரு நாளிதழில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர் பார்ப்பதற்காக, இங்குள்ள விசேஷங்களையும் இறப்புகளையும் இணையத்தில் போடுவது எங்கள் தொழில்.

ஒவ்வொரு அறிவிப்புக்கும் புதிதாகக் கட்டம் வரைந்துகொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. ஆகவே ஒரே கட்டத்தைச் செய்து, அதன் தோற்றங்களையெல்லாம் ஒரே கோப்பில் எழுதிவைத்தேன். எந்தத் தோற்றம் வேண்டும் என்று பெயரை மட்டும் பக்கத்தில் ஜெசிந்தா குறிப்பாள். 'மங்கலம்' என்று குறித்தால், கலியாணப் பத்திரிகையின் முனையில் மஞ்சள் தடவுவதுபோல மஞ்சள் ஓரம் வரும். குறித்த பெயர் கோப்பில் இல்லையென்றால் அடிப்படைக் கட்டம் மட்டும் நிற்கும்.

அடிப்படைக் கட்டத்துக்கு நான் கொடுத்த ஓரம் கறுப்பு. ஏன் அப்படிச் செய்தேன்? முதலில் வந்த வேலைகள் இறப்பு அறிவிப்புகள். நாளிதழ்ப் பழக்கம் கையில் இருந்தது. நிறமில்லாமல் விட்டிருக்க வேண்டும்... அன்று தோன்றவில்லையே!

வியாழன் மாலை 'மங்கல'த்தை இரண்டாகப் பிரித்தேன்: திருமணத்துக்கு ஒரு தோற்றம், அறுபதாம் கலியாணத்துக்கு வேறொன்று. பழைய பெயரைக் கோப்பிலிருந்து நீக்கினேன். அந்தப் பெயர் இருந்த நான்கு பக்கங்களில் மூன்றைத் திருத்தினேன். நான்காவது விட்டுப்போனது. அது தேவகோட்டைப் பெரியவர் ஒருவரின் அறுபதாம் கலியாண அறிவிப்பு.

வெள்ளிக்கிழமை காலை அதைப் பார்த்ததும் திருத்தி அனுப்பினேன். இணைப்பைத் துண்டித்த மறுகணம் தொலைபேசி ஒலித்தது. பெரியவரின் மகன். பினாங்கில் இருக்கும் அவருடைய அத்தைக்கு, பெரியவரின் அக்காவுக்கு, தம்பியின் விழா அறிவிப்பைக் காட்டலாமென்று அந்த அத்தையின் பேரன் கணினியைத் திறந்திருக்கிறான். அத்தை படத்தைப் பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார், அப்படியே சரிந்துவிட்டார். மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கிறார்.

"எங்க அப்பச்சி இங்க உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காக. நீங்க கருப்புக் கோடு போட்டிருக்கீக."

அவர் குரலை உயர்த்தவில்லை.

அத்தை பிழைப்பாரா? பிழைக்காவிட்டால் நான் யார்?... விசாரிக்கிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். விசாரிக்க என்ன இருந்தது!

ஜெசிந்தாவின் மேசைக்கு எதிரே, சுவரில், தோற்றப் பெயர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. என் கையெழுத்து. 'மங்கலம்: திருமணம், அறுபதாம் கலியாணம்.' அவள் நான் சொன்னபடிதான் செய்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தத் தாள்.

அதை எடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். புதிய பட்டியலை எழுதி அதே இடத்தில் ஒட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பத்தேகாலுக்கு ஜெசிந்தா வந்தாள். பின்னாலேயே அருணாசலம். பெரியவரின் மகன் அவர் வீட்டுக்கும் பேசியிருந்தார். அந்தப் பக்கத்தை அடித்தது யாரென்று அருணாசலம் கேட்டார்.

"நாந்தான் சார். மங்கலம்னு போட்டேன்."

அவர் சுவரைப் பார்த்தார். "அப்படி ஒரு பேரே இங்குட்டு இல்லையேம்மா."

அவளும் பார்த்தாள். மேலிருந்து கீழாக, மறுபடியும் மேலிருந்து கீழாக. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க மங்கலம்னுதானே எழுதியிருந்தீக?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை... தாள் என் நெஞ்சுக்கு மேலேயே இருந்தது!

"பாத்துப் போட்டிருக்கணும்மா," என்றேன்.

அவள் வாதாடவில்லை. "அப்ப நாந்தான் தப்பாப் போட்டுட்டேன்போல," என்றாள். தன் நினைவைவிட என்னை நம்பினாள். திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்று உரிமையாளர் சொன்னபோதும் என்னிடம்தான் போய்வருகிறேன் என்று சொன்னாள்.

அதன்பின் தொலைபேசி ஒலித்தபோதெல்லாம் என் கை மேசையைப் பற்றிக்கொண்டது. அத்தை பிழைத்தார் என்று ஒன்பதாம் நாள் செய்தி வந்தது. பேச்சு திரும்பவில்லை. அந்த நாக்கு இனி யாரையும், என்னையும்கூட, குற்றம் சொல்லாது என்று ஒரு கணம் நிம்மதி அடைந்தேன். அந்த நிம்மதியை என்னவென்று சொல்வீர்கள்? நான் அதற்கு இன்றும் அஞ்சுகிறேன்.

அந்தச் செய்திக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்ததும், ஜெசிந்தா தன் அம்மாவுடன் தேவகோட்டைக்குப் பேருந்து ஏறிப்போய், பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.