ஓர் அவுன்ஸ் பிராந்தி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவில் பாலோ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டிரெசராக இருந்தேன். தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும் என் வேலை. இரண்டாவது பிள்ளை பிறந்து ஏழெட்டு மாதம் ஆனபோது என் மனைவி மாறிப்போயிருந்தாள். முகம் ஊதிவிட்டது, குரல் கரகரத்தது, வெயிலிலும் போர்வையை விடமாட்டாள். பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிறவர்களின் நோவையெல்லாம் பார்த்த நான், இதைப் பிள்ளை பெற்ற அசதி என்று விட்டுவிட்டேன்.

ஒரு மழைநாள் காலையில், "என்னங்க, எலும்புக்குள்ள குளிருதுங்க" என்றாள். ஓர் அவுன்ஸ் பிராந்தியை வெந்நீரில் கலந்து கொடுத்தேன். மூத்தவன் பிறந்தபோது பத்திய நாட்களில் தினமும் அதே அளவுதான் குடித்தாள், ஒன்றும் ஆகவில்லை.

பதினோரு மணிக்கு அடுத்த வீட்டுப் பெண் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள்.

"ஐயா, புள்ள கத்துது, அம்மா எந்திரிக்கல. தண்ணி தெளிச்சும் பாத்துட்டேன்!"

ஓடினேன். உடம்பு சில்லென்றிருந்தது. கன்னத்தில் தட்டினேன், கிள்ளினேன். அசைவில்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். ஒன்று வந்து அடுத்தது வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எத்தனையோ சாவுகளுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். அன்று மணிக்கட்டை மாற்றி மாற்றிப் பிடித்தும் நாடி பிடிபடவே இல்லை. என் கையால் அளந்து கொடுத்தேனே என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

ஆபீஸ் தொலைபேசியில் நான் சொல்லி, குளுவாங் டவுனிலிருந்து டாக்டர் காரில் வரும்போது மணி இரண்டு. யாழ்ப்பாணத்துக்காரர். அவள் புருவத்தின் ஓரங்களில் முடி உதிர்ந்திருந்ததைத் தடவிப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு குடுத்தனீர்?"

"ஒரு அவுன்ஸுங்க. அவ்வளவுதாங்க."

"இவவின்ர கழுத்துச் சுரப்பி வேலை செய்யேல்ல. அதால உடம்பு முழுக்க மெதுவாத்தான் ஓடுது. மற்றவைக்கு ஒண்டும் செய்யாத அளவு இவவுக்குக் கனக்க. இந்த முகம் உம்மட கண்ணில படேல்லையோ?"



போர்வைகளால் சுற்றி வைத்துக் காத்திருந்தோம். நாலரை மணிக்குக் கண் திறந்தாள். "புள்ளைக்குப் பால் குடுத்தீங்களா?" என்றாள். அடுத்த வீட்டுப் பெண்ணிடமிருந்து பிள்ளையை வாங்கி அவள் பக்கத்தில் கிடத்தினேன்.

ஆட்டின் அதே சுரப்பியைக் காயவைத்துச் செய்த மாத்திரை சிங்கப்பூரிலிருந்து வந்தது. கால் மாத்திரையில் தொடங்கச் சொன்னார் டாக்டர். அவசரப்பட்டுக் கூட்டினால் இதயம் தாங்காதாம். அதை உடைக்கவும் எனக்குப் பயம். அவளையே உடைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மூன்று மாதத்தில் வீக்கம் வற்றியது. ஒரு மத்தியானம் வாசலிலிருந்து என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். என்ன ஆபத்தோ என்று விழுந்தடித்து ஓடினேன். மீன்காரன் வந்திருந்தான், காசு வேண்டுமாம்.