நிர்மலா வாங்கிய என் லேப்டாப்

“நீயாவது, புதுசு வாங்குறதாவது. உங்க ஊட்ல கம்பெனி குடுத்தாத்தான் எதையும் தொடுவீங்க.”

நிர்மலா இதைச் சொன்னது எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில், பெங்களூர் வண்டிக்காக நாங்கள் இருவரும் காத்து நின்ற ஒரு காலையில். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வண்டி பங்காருபேட்டையைத் தாண்டிய பிறகும் அந்தப் பேச்சையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அதே நிர்மலா ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஜன்னலோரம் மேசை, அதன்மேல் திறந்த லேப்டாப், பக்கத்தில் ஆவி பறக்கும் டீ. கீழே ‘குட் மார்னிங்’. அந்த நேரத்தில் நான் லேடீஸ் பெட்டியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். யாருடைய டிபன் பாக்ஸோ என் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து சாம்பார் வாசனை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லேப்டாப் மூலையில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரைக்கூட அவள் இன்னும் பிய்க்கவில்லை. நானாக இருந்தால் முதல் நாளே பிய்த்து, துணி வைத்துத் துடைத்து வைத்திருப்பேன்.

அது என் லேப்டாப். அதாவது, நான் தேர்ந்தெடுத்தது. சொல்கிறேன்.

வண்டியில் அப்போதெல்லாம் எனக்கு ஒரு பெயர் இருந்தது. யார் போன் வாங்கினாலும் என்னிடம்தான் கேட்பார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான், காலேஜையும் முடித்தவள். அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பொருள் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த பேட்டரி நிற்கும், எந்த கேமரா இருட்டில் காலை வாரும், எல்லாம் சொல்வேன். என் பேச்சைக் கேட்டு லேடீஸ் பெட்டியில் பாதிப்பேர் போன் மாற்றியிருக்கிறார்கள். என் கையில் மட்டும் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். அடுத்து வரப்போவது இன்னும் நன்றாக இருக்குமாம் என்று காத்திருப்பேன். அது வந்ததும் அதற்கடுத்தது கண்ணில் படும்.

“ஊருக்கெல்லாம் பொண்ணு பாத்துக் குடுக்குற புரோக்கருக்குக் கல்யாணமே ஆவலயாம்” என்று நிர்மலா என்னைக் காட்டிச் சொல்வாள். பெட்டியே சிரிக்கும்.

அவள் கம்பெனி என்றது எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை. என் அப்பாவுக்கு அது வெறும் வேலை கொடுத்த இடம் இல்லை. வீடு கம்பெனி வீடு, கரண்ட் கம்பெனி கரண்ட், நான் பிறந்தது கம்பெனி ஆஸ்பத்திரி. பல்பு ஃபியூஸ் ஆனால் போய்ச் சொல்லிவிட்டு வந்தால் போதும், ஏணியோடு ஆள் வருவார். பல்பு கடையில் விற்கும் பொருள் என்பதே உங்கப்பாவுக்குத் தெரியாது என்று அம்மா சொல்வாள்.

சுரங்கத்தை மூடியபோது நான் ஒன்றாம் வகுப்பு. அதற்குப் பின் ஒரு மழைக்காலத்தில் எங்கள் முன்னறை பல்பு போய்விட்டது. அப்பா அசையவில்லை. கொஞ்ச நாளில் சுரங்கத்தைத் திறந்துவிடுவார்கள், ஆள் வருவான், அதுவரை பொறுங்கள் என்றார். பக்கத்து வீட்டில் நிர்மலாவின் அப்பா. அவரும் சுரங்கத்தின் அதே ஷாஃப்ட் குழியில் இறங்கியவர்தான், அதே ஷிஃப்ட். அவர் சைக்கிளில் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய், ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் கரும்பு போல நிமிர்த்திப் பிடித்த டியூப் லைட்டோடு திரும்பி வந்தார். தெருவே பார்த்தது.

அந்த வெள்ளை வெளிச்சம் எங்கள் வாசற்படி வரை வந்து விழும். அதில் உட்கார்ந்துதான் நான் வாய்ப்பாடு எழுதினேன். உள்ளே வந்து எழுதடி, இங்கே நன்றாகத் தெரியும் என்று நிர்மலா கூப்பிடுவாள். போகமாட்டேன். இரவல் வெளிச்சத்தை எங்கள் படியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டால் மானம் போகாது, அவர்கள் வீட்டுக்குள் போனால் போய்விடும் என்று ஒரு கணக்கு. வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்கு. அவள் ஏழாம் வாய்ப்பாட்டிலேயே திக்கி நிற்பவள். படிக்கிறவள் இங்கே இருக்க, வெளிச்சம் அங்கே போய் எரிகிறதே என்று பொருமுவேன்.

எங்கள் பல்பை அம்மாதான் மாற்றினாள், அப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து. அவர் வந்து மேலே பார்த்தார்.

“ஆள் வந்தானா?”

“ம்” என்றாள் அம்மா.

அதன்பின் கலர் டிவி, கிரைண்டர், டச் போன் என்று எது புதிதாக வந்தாலும் முதலில் நிர்மலா வீட்டுக்குத்தான் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டையே அவள் போனில்தான் பார்த்தேன். தன் மதிப்பெண்ணைக்கூட சரியாகப் பார்க்காமல் என்னுடையதைத் தேடி எடுத்து, தெருவில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு ஓடினாள். என்ன மனசு பாருங்கள். அவளோ என் மார்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், நானோ அவள் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பெங்களூரில் ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. அடுத்த வருடம் நிர்மலாவையும் அங்கே சேர்த்துவிட்டேன். வேலை சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அந்த நாட்கள் நன்றாக இருந்தன. வண்டி நிற்பதற்குள் அவள் முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் பையை வைத்து இடம் பிடித்து, கதவருகே திணறும் என்னைப் பெயர் சொல்லிக் கூவுவாள். உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். அவள் தலை எண்ணெய் என் சுடிதாரில் வட்டமாக ஊறிக் கிடக்கும். ஆபீசில் அதைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டே திட்டுவேன்.

பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்யும் குழுக்களை ஆபீசில் தொடங்கினார்கள். சொந்தமாக நல்ல லேப்டாப் வைத்திருப்பவர்கள் உடனே சேரலாம். மற்றவர்களுக்கு ஆபீசே வாங்கித் தரும், கொஞ்சம் பொறுக்க வேண்டும். நான் வாரக்கணக்காகத் தேடி, ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதன் அருமை பெருமைகளை ஸ்டேஷனில் நிர்மலாவுக்கு விளக்கிவிட்டு, கூடவே ஒரு புத்திமதியும் சொன்னேன்: தீபாவளிக்கு மேல் புது சிப் வருகிறது, இப்போது வாங்குவது முட்டாள்தனம், அதற்குள் ஆபீசே கொடுத்தாலும் கொடுத்துவிடும். அப்போதுதான் அவள் அந்தக் கம்பெனிப் பேச்சைப் பேசினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அதே மாடலை வாங்கிவிட்டாள்.

“நீ சொன்னா கரெக்டா இருக்கும்னுதான்டி எடுத்தேன்” என்றாள்.

அப்பாவிடம் சொன்னேன். ஆபீசே கொடுக்கும்போது நாம் எதற்கு அவசரப்பட வேண்டும், கம்பெனி என்றால் செய்யும் என்றார். எனக்கு நினைவு தெரிந்து அப்பாவும் நானும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

தீபாவளி வந்தது, புது சிப்பும் வந்தது. அதைவிட நல்லது பொங்கலுக்கு வருகிறது என்றார்கள். ஆபீஸ் லேப்டாப் ஒவ்வொரு மாதமும் ‘அடுத்த மாதம்’ வந்துகொண்டிருந்தது. நிர்மலா தான் சேர்ந்த குழுவுக்கே லீடர் ஆகிவிட்டாள்.

போன வாரம் வந்த படத்துக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. அவள் குழுவில் ஓர் இடம் காலி, சொந்த லேப்டாப் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்று.

காத்திருந்தால் ஆபீஸ் கொடுக்கும்போது வேறு குழுவில் போய்ச் சேரலாம். யாருக்கும் கீழே நிற்க வேண்டாம். சேர்ந்தால் ஏழாம் வாய்ப்பாடு வராதவள் என் பில்களைத் திருத்துவாள். இரண்டு நாள் மனசு ஊஞ்சலாடியது. வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா பேப்பரோடு வந்து, சுரங்கத்துக்கு மறுபடியும் டெண்டர் விடப்போகிறார்களாம் என்று வாசித்துக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்கு நடந்தேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். “அடுத்த மாசம் புது மாடல் வருதும்மா, வெயிட் பண்றீங்களா?” என்றார். அதைப் பற்றி அவரைவிட எனக்கு அதிகம் தெரியும். இருப்பதை எடுங்கள் என்றேன்.

வீட்டில் அப்பா லேப்டாப் பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

“எத்தினி வருசம் வரும்?”

“தெரியாதுப்பா.”

வெள்ளிக்கிழமை பெயர் கொடுத்தேன். இன்னும் ஒரு வாரம்தான் ஆபீசுக்கு வர வேண்டும் என்றார்கள். நிர்மலா குரல் பதிவு அனுப்பினாள்: “நான் வேலை வாங்குவேன்டி. அப்புறம் மூஞ்சியத் தூக்கினு போவக் கூடாது.” வாங்கு என்று எழுதி அனுப்பினேன். பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். என்னுடையதைவிட அவள் திரை ஒரு விரற்கடை பெரிது. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

இப்போது வண்டியில் யாரும் என்னிடம் போன் பற்றிக் கேட்பதில்லை. எதை வாங்கலாம் என்று போனைக் கேட்டால் போனே சொல்லிவிடுகிறது. முண்டியடித்து ஏறி இடம் பிடித்துப் பெயர் சொல்லிக் கூவ ஆளில்லை. ஜன்னலோரம் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருப்பவள்மேல் தலை சாயாமல், நிமிர்ந்தபடியே தூங்குகிறாள். என் சுடிதார்த் தோள்கள் சுத்தமாக இருக்கின்றன.

நேற்றோடு என் சீசன் டிக்கெட் முடிந்தது. பழக்கத்தில் கவுண்டர் வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்தபோது, பின்னால் நின்ற பெண்ணை முன்னே போகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.