மூன்றுக்குப் பூச்சியம் என்று எழுதினேன்

நான் வாழ்க்கையில் ஒரு பந்தயமும் பிடித்ததில்லை. பந்தயம் பிடிக்கிறவர்களுக்காக எழுதியதோடு சரி. ஓய்வு பெற்ற பின்னர், புலம்பெயர்ந்து இங்கே வந்த எங்கள் ஆட்கள் சிலர் நடத்தும் வாட்ஸப் குழுவில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு முன்னோட்டம் போடுவேன். சனிக்கிழமை உதைபந்தாட்டங்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, யாருக்குக் காயம், யாருக்குத் தடை, எந்த அணி வெளியூரில் தடுமாறுகிறது, முடிவு என்னவாக இருக்கலாம் என்று எழுதுவேன். நகரக் கவுன்சிலில் வாடகை உதவிப்பண மேன்முறையீடுகளைப் பார்த்த காலத்தில் பழகிய அதே வடிவம்தான்: நடந்தவை, சான்றுகள், காரணங்கள், தீர்மானம். ஒருவனுக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். தலைப்புகள் அவனோடு கூடவே வந்துவிடும்.

வேலையில் இருந்த காலம் முழுவதும் பிளேஸ்டோவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எங்கள் சனம் கடிதங்களைக் கொண்டு வரும். அகதி விண்ணப்பம், வீடு, பெனிபிட் காசு, பிரஜாவுரிமை. “அண்ணை எழுதினால் வரும்” என்று ஒரு பேச்சு இருந்தது. உண்மையில், வராது என்று தெரிந்தவற்றை நான் எழுதுவதே இல்லை. வேறு ஆளிடம் அனுப்பிவிடுவேன். இந்த எளிய உபாயத்தை ஒருவரும் கவனிக்கவில்லை, நானும் விளக்கவில்லை. நல்ல பெயரைத் திருத்தச் சொல்லி விண்ணப்பிக்க எந்த முறையும் இல்லை.

செவன் கிங்ஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அந்த மேசைக்குக் கடைசியாக வந்தது சூதாட்டத்தை விடுவதற்கு. இந்த நாட்டில் சூதாடுகிறவன் தன்னைத்தானே தடை செய்துகொள்ளலாம். படத்தைக் கொடுத்தால் சுற்றுவட்டாரப் பந்தயக் கடைகள் உள்ளே விடக்கூடாது. இணையத்திலும் அவன் பெயருக்குக் கதவு மூடிவிடும். எல்லாவற்றையும் நிரப்பிக் கையெழுத்து வாங்கினேன். பக்கத்தில் அவருடைய மனைவி இருந்தார். பேனையை மூடியபோது அவர் கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இனி ஒருக்கா எண்டால், நான் கனடாவுக்குத் தம்பியிட்டைப் போறன் அண்ணை. பிறகு ஒருத்தரும் வந்து கூப்பிடக்கூடாது.”

மேலே முறையிட முடியாத தீர்ப்புகளுக்கு ஒரு குரல் உண்டு. அது அந்தக் குரல்.

அந்தத் தடையில் ஒரு ஓட்டை இருந்தது. அது அவருடைய கையைத்தான் தடுக்கும், பிறத்தியார் கையைத் தடுக்காது. அதைச் சொன்னால் வழிகாட்டியதாகிவிடும் என்று சொல்லவில்லை.

போன மே மாதம், பருவத்தின் கடைசிக்கு முந்திய சனிக்கிழமை. நான் எடுத்த ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் ஆடும் அணி வென்றாலொழியக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். வந்து ஆடும் அணிக்கு ஏறவும் இடமில்லை, இறங்கவும் பயமில்லை. ஆட்டக்காரர்கள் மனத்தால் ஏற்கெனவே கடற்கரையில் படுத்திருப்பார்கள். அவர்களுடைய கோல் காப்பாளர் புதியவர், முன்வரிசையில் இருவருக்குக் காயம். பருவக் கடைசியில் எல்லாரும் எழுதுவதையே நானும் எழுதினேன்: உயிருக்குப் போராடுகிறவன் வெல்வான், ஒன்றுக்குப் பூச்சியம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நண்பரின் மனைவி வந்தார். செருப்பைக் கழற்ற முன்னரே, “அவர் திரும்பத் தொடங்கிட்டார்” என்றார். நான் கைபேசியை எடுத்து நண்பரை அழைத்தேன். தான் இங்கே இருப்பதைச் சொல்லவேண்டாம் என்று மனைவி கையால் காட்டினார். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு மேசையில் வைத்தேன்.

“தம்பி, கடையிலையோ?”

“வேறை எங்கை அண்ணை போறது? வாசிச்சனான். அந்த மாதிரி எழுதியிருக்கிறியள்.”

“நீர் ஏன் அதை வாசிக்கிறீர்?”

“வாசிக்கவும் தடையே? நீங்கள் நிரப்பின போர்மிலை அப்பிடி ஒண்டும் இல்லையே அண்ணை!”

சிரித்தார். சிரிப்பு சற்று நீண்டுபோனது.

“பந்தயம் பிடிக்கப் போறீரோ?”

“சத்தியமா என்ரை கையாலை பிடிக்கமாட்டன்.”

அந்தக் ‘கையாலை’ என்னை நிமிர்த்தி உட்கார வைத்தது. என் மேசையில் இருந்து சட்டம் படித்திருக்கிறார். தொலைபேசி நின்றதும் மனைவி சொன்னார்:

“கேட்டியளே? டாக்சி ஓடுற அவரின்ரை கூட்டாளி நேற்றுக் கடைக்கு வந்தவர். தேத்தண்ணி குடிக்க வந்த ஆளுக்கு என்னத்துக்கு அண்ணை காசு உறை? கடை லீஸ் புதுப்பிக்க வைச்ச காசு. நாளைக்குப் பின்னேரம் ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னம்தான் போடப்போகினம்.”

“அதைத் திருப்பி வாங்கேலாதோ?”

“வாங்கினால் எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சிடும். தெரிஞ்சால் நான் போகவேணும். சொன்ன சொல்லு இருக்கெல்லே.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். “எனக்குப் போக விருப்பமில்லை அண்ணை. ஒருத்தரும் விளையாடாதையுங்கோ எண்டு ஒரு வரி எழுதுங்கோ. நீங்கள் எழுதினால் கேப்பார்.”

“அப்பிடி எழுதினால், நல்ல சாமானை நான் எனக்கெண்டு ஒளிக்கிறன் எண்டு நினைப்பினம் தங்கச்சி.”

“அப்ப வேறை ஏதும் செய்யுங்கோ. உங்களுக்குத் தெரியாத முறையே?”

அந்தக் கேள்வி என் பலவீனத்தைச் சரியாகக் கண்டுபிடித்தது. ஒரு முறை இருக்கத்தான் இருந்தது. அலுவலகத்தில் ஒரு தீர்மானம் பிழை என்று தெரிந்தால், மேன்முறையீடு வரும் முன்னர் அதை எழுதிய அலுவலரே மாற்றலாம். அன்று பின்னேரம் குழுவில் இப்படிப் போட்டேன்:

‘புதிய சான்று கிடைத்திருப்பதால் நேற்றைய தீர்மானம் விலக்கிக்கொள்ளப்படுகிறது. தேவை வேறு, தகுதி வேறு. தேவை இருப்பவர்களுக்கெல்லாம் கிடைப்பதில்லை என்பதைக் கவுன்சில் வாசலில் நின்ற எவரும் அறிவர். பயந்த கால்கள் பந்தை நேரே அடிப்பதில்லை. வந்து ஆடும் அணி வெல்லும். மூன்றுக்குப் பூச்சியம்.’

இது நடக்காது என்று தெரிந்தே எழுதினேன். பந்தயக் கடைகள் அந்த முடிவுக்கு ஒன்றுக்குப் பல மடங்கு தரத் தயாராக இருந்தன; அதாவது அவர்களும் அது நடக்காது என்று நம்பினார்கள். ஒரே ஆள் ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு சொன்னால் புத்தியுள்ளவன் கையைக் கட்டிக்கொண்டு இருப்பான் என்பது என் கணக்கு. ஒரே அலுவலகத்திலிருந்து முரணான இரண்டு கடிதங்கள் வந்தால் எங்கள் சனம் என்ன செய்யும் என்பதை ஒரு தொழில்காலம் முழுவதும் பார்த்திருந்தும் மறந்துபோனேன். பிந்திய திகதியுள்ளதை எடுத்துக்கொண்டு ஓடும். முந்தியதைக் கிழித்தும் போடும்.

சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை இங்கே தொலைக்காட்சியில் காட்டமாட்டார்கள். குசினியில் வானொலியைப் போட்டுவிட்டு இருந்தேன். வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் இறைச்சி வாட்டும் புகை. தொடக்கத்தில் சொந்த மைதான அணி பந்தைக் கம்பத்தில் அடித்தது. நான் கைதட்டினேன். எனக்கு எந்த அணியும் இல்லை, ஆனாலும் தட்டினேன். இடைவேளைக்குச் சற்று முன்னர், வந்து ஆடும் அணி ஒரு கோல் போட்டது.

கைபேசி அதிர்ந்தது. டாக்சிக்காரர் குழுவில் எழுதியிருந்தார்: “பிந்தின கடிதம் வேலை செய்யுது!” கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. நண்பரின் கைகள் முதலில்.

அப்போதுதான் விளங்கியது. காசு நின்றுவிடவில்லை, பக்கம் மாறியிருக்கிறது. என்னுடைய பொய்யின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது.

அதன் பிறகு சொந்த மைதான அணி ஒரே ஒரு கோல் போடவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஒன்று போதும்; என் எண்ணிக்கை கெட்டுவிடும், அவர் தோற்பார், அழுவார், மனைவி ஒருவேளை மன்னிப்பார். தோல்விக்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டாவது கோலும் வந்த அணிக்கே விழுந்தது. வர்ணனையாளரின் குரல் தணிந்துகொண்டே போயிற்று. கடைசி நிமிடங்களில் சொந்த மைதான அணியினர் எல்லாரும் முன்னே ஓடினார்கள்; பின்னால் ஆளில்லை. பந்து திரும்பியது. கோல் என்று வர்ணனையாளர் சொல்லும் முன்னரே, வானொலியில் ஒரு ஊர் மூச்சை நிறுத்துவது கேட்டது.

மூன்றுக்குப் பூச்சியம்.

ஞாயிறு காலை கணவனும் மனைவியுமாக லட்டுப் பெட்டியோடு வந்தார்கள். நண்பர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னைவிடச் சில வயதுதான் இளையவர். எனக்குக் கூசியது.

“தம்பி, இரும். நான் எழுதினது பொய். நீர் போடக்கூடாதெண்டு, நடக்காத ஒண்டைத் தேடி எழுதினது.”

அவர் என்னை அன்போடு பார்த்தார். “பாருங்கோவன் அண்ணை. பொய்யா எழுதினதே வருகுது. உண்மையா எழுதினால்?”

“விசர்க்கதை கதையாதையும்.”

“எனக்கு விசர்தான். உங்கடை பேனைக்கு விசர் இல்லையே!”

மனைவியைப் பார்த்தேன். இனி அவர்தான் சொல்லவேண்டும். சொன்ன சொல் இருக்கிறது, கனடாவில் தம்பி இருக்கிறார். அவர் பெட்டியின் நூலை அவிழ்த்து ஒரு லட்டை என் பக்கம் நகர்த்தினார். முகத்தில் பல வருடக் களைப்பு ஒரே இரவில் கழன்றிருந்தது. அப்படி அழகாக அவரை நான் கண்டதில்லை.

“அண்ணை, அடுத்த சனி கடைசி ஆட்டமாமே,” என்றார். “லீஸ் சரிவந்திட்டுது. வீட்டுக் கடன்தான் மிச்சம். இனி ஒருக்கா மட்டும்.”

லட்டு வாயில் கரையாமல் இருந்தது.

அந்த வியாழக்கிழமை நான் எழுதவில்லை. வெள்ளியும் எழுதவில்லை. குழு முதலில் நலம் விசாரித்தது, பிறகு கெஞ்சியது, பிறகு டாக்சிக்காரர் எழுதினார்: “அண்ணை எழுதேல்லை எண்டால், பெரிய சாமான் ஒண்டை வைச்சிருக்கிறார்.” அதற்கும் கூப்பிய கைகள் வந்தன.

சனிக்கிழமை மத்தியானம் கைபேசியை அணைத்துவிட்டு முன் அறை யன்னலருகே இருந்தேன். வாசலில் டாக்சி வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து முதலில் இறங்கியவர் நண்பரின் மனைவி. கோயிலுக்குப் போகும் சேலை உடுத்தியிருந்தார். என்னைக் கண்டு சிரித்தபடி, கைப்பையிலிருந்து ஒரு பேனையை எடுத்தார்.