கிடா வெட்டிய பிறகு திரும்பிப் போன கப்பல்

வளைகுடாப் பக்கம் சண்டை மூண்டு கப்பல்கள் எல்லாம் நின்றுபோன சமயத்தில் நடந்தது இது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடலே இல்லாத சங்கராபுரத்தில், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நான், சில வாரங்கள் ஒரு சரக்குக் கப்பலை ஓட்டினேன். அதாவது, ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தங்கையின் வீட்டுக்காரர் யூரியா ஏற்றிவரும் கப்பலில் சமையல்காரர். சரக்கு ஏற்றிக் கிளம்பும் நேரம் பார்த்துச் சண்டை வந்துவிட்டது. அங்கிருந்து வெளியே வர இருப்பது ஒரே ஒரு ஜலசந்தி. அந்தக் குறுகலான வழியில் கப்பல்களை அடிக்கிறார்கள் என்றதும், எல்லாக் கப்பலும் உள்ளேயே நங்கூரம் போட்டு நின்றன. அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் நிற்குமே, அப்படி. கப்பலில் இன்டர்நெட்டையும் நிறுத்திவிட்டதால் மாப்பிள்ளையிடமிருந்து பேச்சுமூச்சில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால், எல்லாரும் நல்லா இருக்காங்க என்று ஒரே பல்லவி. தங்கை கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

ஊரார் போனையெல்லாம் பிரித்துப் போடுகிறவன் சும்மா இருப்பேனா? கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் ஆப் ஒன்றை இறக்கினேன். மாப்பிள்ளையின் கப்பல் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. தினமும் வீட்டில் அதைச் செய்தி மாதிரி வாசித்தேன். உரக்கடையில் "கப்பல் வரல" என்று கையை விரித்ததும், விவசாயிகள் நேராக என் கடைக்கு வந்தார்கள். "இன்னா தம்பி, உன் கப்பலு நவுந்துச்சா?" என்பார்கள். என் கப்பல்! எனக்கு மூன்றாம் கை ஸ்கூட்டர் தவிர வேறு வாகனம் கிடையாது.

ஒரு நாள் காலையில் பார்த்தால் புள்ளி கடலிலேயே இல்லை. பாலைவனத்து நடுவில், ஒரு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

"இன்னாண்ணா இது, கப்பலு தரையில நிக்குது?" தங்கையின் முகம் வெளுத்துவிட்டது.

"ரிப்பேருக்கு இட்டுனு போயிருப்பாங்கம்மா."

"அம்மாம் பெரிய கப்பல எதுல இட்டுனு போவாங்க?"

"லாரிலதான்."

சொன்ன எனக்கே சிரிப்பு வந்தது. கல்வராயன் மலை வளைவில் ஒரு லாரி திரும்பவே தவம் கிடக்கும். ஆனால் தங்கை சிரிக்கவில்லை. கடைக்கு ஓடினேன். போனை அணைத்துப் போட்டேன், ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினேன், கடைசியில் என் போனுக்குப் புது டிஸ்ப்ளேவே மாற்றினேன். கப்பல் பாலைவனத்தை விட்டு அசையவில்லை.

அம்மா வேறு வழியில் போனார். "அந்த ஜலசந்திய தாண்டிட்டா மலமேல கொலசாமிக்குக் கெடா வெட்டுறேன்" என்று வேண்டிக்கொண்டார்.

இரண்டொரு நாளில், நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் புள்ளி ஜலசந்திக்கு வெளியே, நடுக்கடலில் நின்றது! அவ்வளவு சீக்கிரம் எந்தக் கப்பலும் போகாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. "பயத்துல வேகமா ஓட்டியிருப்பாங்க" என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

மறுநாளே வேன் பிடித்து மலையேறினோம். கிடா வெட்டி, பொங்கல் வைத்து, எல்லோருக்கும் இலை போட்டாயிற்று. தங்கை மட்டும் இலைமுன் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சோற்றைத் தொடாமல் இருந்தாள்.

"துன்னு, அதான் தாண்டிட்டாரே" என்றேன்.

"அவரு கொரல கேட்டுட்டுத் துன்றேன்."

"ஆப்ல காட்டுதே?"

"ஆப்பா என்னெக் கட்டிக்கினுச்சி?"

எல்லோரும் சிரித்தோம். நான் அவளுடைய பங்குக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

கீழே இறங்கி வந்து சிக்னல் கிடைத்ததும் ஆப்பைத் திறந்தேன். கப்பல் மறுபடி பாலைவனத்தில், அதே விமான நிலையத்துப் பக்கத்தில் நின்றது. வீட்டில் தலை வாரிக்கொண்டே "பாதி வழி தாண்டிட்டேன்" என்று போனில் சொல்கிற ஆள் நான். கப்பலும் என் வழிக்கே வந்துவிட்டதோ என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். கிடாவை நானே திருடித் தின்றது போல இருந்தது அது. வேண்டுதல் செல்லுமா, செல்லாதா? பூசாரிக்குப் போன் போட்டேன்.

"ஆட்ட வெட்டியாச்சி, துன்னும் ஆச்சி. இனிமே சாமிதான் பாக்கி. அது குடுத்துரும், போ" என்று அவர் வைத்துவிட்டார்.

சாமி எப்போது கொடுக்கும் என்று பார்க்க எந்த ஆப்பும் இல்லை. புள்ளி மட்டும் மனம் போன போக்கில் குதித்தது. அதை நம்பினால் பயம், நம்பாவிட்டாலும் பயம். தங்கை சரியாகச் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போனாள். எனக்குக் கேலி பேச வாய் வரவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம், அவள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த நேரம், ஏதோ வெளிநாட்டு நம்பரிலிருந்து என் போனுக்கு அழைப்பு வந்தது.

"மச்சான், வெளிய வந்துட்டோம்!"

மாப்பிள்ளையின் குரல்தான். ஆனால் சூடுபட்ட பூனையாச்சே நான். "நெஜமாவா? நல்லாப் பாத்து சொல்லு. எங்க இருக்கிற?"

"சத்தியமா வெளிய வந்துட்டோம். உள்ள இருந்தப்பதான் எங்க இருந்தோம்னு எங்களுக்கே தெரில மச்சான். சண்ட போடறவங்க ஒருத்தர ஒருத்தர் கொழப்பறதுக்குப் பொய் சிக்னல் வுடறாங்க. எங்க ஸ்க்ரீன்லயே கப்பலு ஏர்போர்ட்ல நின்னுச்சி. கேப்டன் கரையப் பாத்து, பேப்பர் மேப்ப வெச்சி இட்டாந்தாரு."

என் கையிலிருந்த போனைத் தங்கை பிடுங்கிக்கொண்டாள். எங்கே இருக்கிறாய் என்று அவள் கேட்கவே இல்லை. "சாப்ட்டியா?" என்றுதான் கேட்டாள். ஒரு கப்பலுக்கே சோறு போடுகிறவரிடம் கேட்கிற கேள்வியா அது? அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, சிரித்துக்கொண்டே அழுதாள். பேசி முடித்ததும், எனக்குக் கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் அவளே சாப்பிட்டாள். மலையில் நான் தின்ற அவள் பங்கு நினைவுக்கு வந்ததால் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

கிடா செல்லுமா என்ற குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வீட்டிலிருந்து போன் வந்து "எங்க இருக்கிற?" என்று கேட்டால், பாதி வழி தாண்டிவிட்டதாகச் சொல்ல வாய் வருவதில்லை; ஒரு குரலுக்காக இலைமுன் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்த பிறகு, எங்கே இருக்கிறேனோ அதைத்தான் சொல்கிறேன்.